செம்பெருமீன்: உள்ளே சுருங்க, வெளியே வீங்க

ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை ஒரு கோடாக இணைத்து, அந்தக் கோட்டை வடமேற்குப் பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் வந்து நிற்கும். அதுதான் ரோகிணி. இந்த வகை மீன்களுக்குப் பெயர் என்னவோ செம்பெருமீன், சிவப்பு அரக்கன் என்றெல்லாம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ ஊதிவிட்ட தணலின் நிறம்தான். நல்ல சிவப்பை எதிர்பார்த்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

ஆனால் அந்த நிறத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சூடான பொருள் எதுவானாலும் தன் வெப்பத்தை நிறத்தால் சொல்லிவிடும். உலையில் வைத்த இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாக ஒளிர்வது அதனால்தான். ரோகிணியின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,900 கெல்வின். சூரியனுடையது 5,770. வெப்பம் குறைந்தால் ஒளியும் குறையும். அதுவும் சாதாரணமாகக் குறையாது, வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் குறையும். வெப்பநிலை பாதியானால் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்குப்படி சூரியனின் ஒரு சதுர மீட்டர் பரப்பு தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் ரோகிணியின் ஒரு சதுர மீட்டர் தர முடியும். ஆனால் 65 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அது இவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டுமானால், மொத்தத்தில் சூரியனைப் போல 400 மடங்குக்கு மேல் ஒளியைக் கொட்டியாக வேண்டும். துண்டு துண்டாகப் பார்த்தால் மங்கல், மொத்தமாகப் பார்த்தால் பிரகாசம். இரண்டும் ஒத்துப்போக ஒரே வழி, பரப்பு ஏராளமாக இருப்பது. சூரியனின் பரப்பைப் போல 2,000 மடங்கு. அதாவது ஆரம் 45 மடங்கு.

விண்மீனின் பருமனை அளக்க வழியே இல்லாத காலத்தில், நிறத்தையும் தூரத்தையும் வைத்து இந்த முடிவுக்கு வந்தவர் டென்மார்க்கின் எய்னார் ஹெர்ட்ஸ்ப்ரங். சிவப்பு மீன்களில் இரண்டு சாதி உண்டு, ஒன்று மிகச் சிறியது, மற்றது மிகப் பெரியது, நடுவே ஆளில்லை என்று 1905இல் எழுதினார். அவர் படித்தது வேதிப் பொறியியல். கட்டுரையை வெளியிட்டது ஒரு புகைப்பட அறிவியல் இதழில். வானியலாளர்கள் கண்ணில் அது உடனே படாததில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று வானியல் படிக்கிறவர் முதல் வாரத்திலேயே பார்க்கும் ஹெர்ட்ஸ்ப்ரங் ரஸ்ஸல் வரைபடம், அதாவது மீன்களின் நிறத்தையும் ஒளியையும் இரு அச்சுகளாக வைத்துப் புள்ளியிடும் படம், அப்படிப் பிறந்தது. 1920 டிசம்பரில் மைக்கேல்சனும் பீஸும் மவுன்ட் வில்சன் தொலைநோக்கியில் குறுக்கீட்டுமானி (தள்ளித்தள்ளி வைத்த கண்ணாடிகளில் விழும் ஒளியை ஒன்றுசேர்த்து அளக்கும் கருவி) பொருத்தி, திருவாதிரையின் விட்டத்தை நேரடியாகவே அளந்துவிட்டார்கள். அது உண்மையிலேயே பூதாகரமாக இருந்தது.

(திருவாதிரையும் கேட்டையும் இந்தக் கட்டுரையின் நாயகர்கள் இல்லை. அவை மீப்பெரு மீன்கள், எடை மிகுந்தவை, சூப்பர்நோவாவாக வெடிக்கப் போகிறவை. நாம் பேசுவது ரோகிணி, சுவாதி மாதிரியான நடுத்தர எடை மீன்களைப் பற்றி. சூரியனும் ஒருநாள் சேரப் போவது இந்தக் கூட்டத்தில்தான்.)

சரி, பெரியது என்று தெரிந்தாயிற்று. ஏன் பெரியது? வயதானால் தளர்ந்து, மங்கி, அணைந்துபோவதுதான் நமக்குப் பழகிய கதை. செம்பெருமீனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அந்தக் கதையையே அதன் மேலும் போர்த்திவிடுகிறார்கள்: எரிபொருள் தீர்ந்த கிழவன், கடைசி மூச்சு, இப்படி. எனக்கு இந்த உவமை பிடிப்பதில்லை. காரணம், அது தப்பு. ஒரு விண்மீன் தன் வாழ்நாளிலேயே அதிக வேகத்தில் எரிவது இந்த முதுமையில்தான்.

எரிபொருள் தீர்ந்தால் சூடாகும் அடுப்பு

சூரியனின் மையத்தில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் எடை அத்தனையும் உள்நோக்கி அழுத்த, இந்த வெப்பம் வெளிநோக்கித் தள்ள, இரண்டும் சமமாக நிற்பதால் மீன் நிலையாக இருக்கிறது. சூரியன் அளவுள்ள மீன் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு இப்படியே ஓட்டிவிடும். நம்முடையதற்கு இப்போது 460 கோடி ஆண்டு ஆகிறது.

ஒருநாள் மையத்தில் ஹைட்ரஜன் தீரும். சாம்பலாக ஹீலியம் மட்டும் மிஞ்சும். ஹீலியம் எரிய வேண்டுமானால் 10 கோடி டிகிரி வேண்டும். அப்போது மையத்தில் இருப்பதோ ஒன்றரை, இரண்டு கோடி. அடுப்பு அணைந்த மாதிரிதான். ஆனால் விண்மீனில் ஒரு விசித்திரம் உண்டு. தன் ஈர்ப்பினாலேயே தாங்கி நிற்கும் வாயு உருண்டை, வெப்பத்தை இழந்தால் குளிராது, சூடாகும். வெப்பம் வெளியேறினால் உள்ளழுத்தம் குறையும். உடனே ஈர்ப்பு அதை நெருக்கும். நெருங்குவதில் வெளிப்படும் ஆற்றலில் பாதி வெளியே போகும், மீதிப் பாதி வாயுவைச் சூடாக்கும். இழந்ததைவிடக் கூடுதலாகச் சம்பாதித்துவிடுகிறது. ஆக, மையம் அணைந்ததும் அது சுருங்கிச் சூடாகிக்கொண்டே போகிறது. அந்தச் சூட்டில், ஹீலியம் உள்ளகத்தைச் சுற்றி இதுவரை எரியாமல் கிடந்த ஹைட்ரஜன் ஒரு மெல்லிய ஓடாகப் பற்றிக்கொள்கிறது.

இந்த ஓடுதான் விஷயமே. மையத்தில் எரிந்தபோது ஹைட்ரஜன் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. கொஞ்சம் சூடு கூடினால் விரிந்து தணிந்தது. இப்போது எரிவது, அடர்ந்து சுருங்கிய உள்ளகத்தின் கடும் ஈர்ப்பில் சிக்கிய ஓடு. அது எவ்வளவு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளகம். மீனின் மொத்த எடை எவ்வளவு என்பதைக்கூட அது அதிகம் பொருட்படுத்துவதில்லை. எரிந்த சாம்பல் உள்ளகத்தின் மேல் விழுகிறது, உள்ளகத்தின் எடை கூடுகிறது, அதனால் இன்னும் சுருங்குகிறது, ஓடு இன்னும் வேகமாக எரிகிறது, இன்னும் சாம்பல். எடை கொஞ்சம் கூடினாலே வெளிச்சம் பல மடங்கு எகிறும் சங்கிலி இது. இதன் உச்சியில், சூரியன் அளவு மீன் ஒன்று இன்றைய சூரியனைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் ஒளிரும்.

உள்ளே சுருங்குவது புரிகிறது. வெளியே ஏன் வீங்க வேண்டும்? இதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் வானியலாளர்களே திணறுவார்கள். கணினியில் சமன்பாடுகளைப் போட்டால் ஒவ்வொரு முறையும் மீன் வீங்கத்தான் செய்கிறது. ஆனால் ஏன் என்பதற்குப் பல பத்தாண்டுகளாக விதவிதமான விளக்கங்கள் எழுதி ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எரியும் ஓட்டுக்கு உள்பக்கம் சுருங்கினால் வெளிப்பக்கம் விரியும், கண்ணாடியில் இடவலம் மாறுவது போல, என்று ஒரு நடைமுறை விதியாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அது நடப்பதைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை.

எனக்குத் திருப்தி தரும் விளக்கம் வெளிப்பக்கத்திலிருந்து வருவது. 1961இல் ஜப்பானின் சுஷிரோ ஹயாஷி ஒன்றைக் காட்டினார்: ஒரு விண்மீனின் மேற்பரப்பு ஓர் அளவுக்குக் கீழே குளிரவே முடியாது. அந்த எல்லை சுமார் 3,000, 4,000 கெல்வின். காரணம் ஒரு சின்ன அயனி. கூடுதலாக ஓர் எலக்ட்ரானை ஒட்டிக்கொண்ட ஹைட்ரஜன் அணுதான் அந்த வெப்பத்தில் வாயுவை ஒளி ஊடுருவ முடியாமல் மறைக்கிறது. வாயு கொஞ்சம் குளிர்ந்தால் இந்த அயனிகள் வெகுவாகக் குறைந்துவிடும். திரை விலகி, அடியிலிருக்கும் சூடான அடுக்கு தெரியத் தொடங்கும். அதாவது மேற்பரப்பு குளிரப் பார்த்தால், வேறொரு சூடான அடுக்கு மேற்பரப்பு ஆகிவிடுகிறது. இயற்கையே வைத்த தெர்மோஸ்டாட். இப்போது கணக்கைப் போடுங்கள். உள்ளேயிருந்து வரும் ஒளி நூறு, ஆயிரம் மடங்காகப் பெருகுகிறது. அதை வெளியேற்ற வேண்டிய பரப்போ, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று வெப்பநிலை கட்டிப்போட்டிருக்கிறது. அப்படியானால் சதுர மீட்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர மீனுக்கு வேறு வழியில்லை. ஆரம் 100 மடங்கானால் பரப்பு 10,000 மடங்கு. ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏழில் ஒரு பங்கு ஒளிர்ந்தாலும் மொத்தம் 1,400 மடங்கு.

ஒரே பெயரில் இரண்டு பொருள்

வீங்கி முடித்த செம்பெருமீனைக் குறுக்காக வெட்டிப் பார்க்க முடிந்தால், அது ஒரே பொருளாகத் தெரியாது. நடுவே பூமியைப் போல ஓரிரு மடங்கு பருமனுள்ள ஹீலியம் உருண்டை. அதற்குள்ளே மீனின் எடையில் கிட்டத்தட்டப் பாதி. உச்சக்கட்டத்தில் அந்த உள்ளகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் ஒரு டன் கனக்கும். இவ்வளவு நெருக்கத்தில் அதைத் தாங்கி நிற்பது வெப்பமே அல்ல. ஒரே இடத்தில் ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதி. எரிந்து முடிந்த மீன்களின் அடர்ந்த மிச்சமான வெண்குறுமீன்களைத் தாங்குவதும் அதே விதிதான். சுப்ரமணியன் சந்திரசேகர் தம் புகழ்பெற்ற எடை வரம்பைக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். அதாவது செம்பெருமீன் தன் வயிற்றுக்குள்ளேயே வருங்கால வெண்குறுமீனை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

வெளியே? அந்த உள்ளகத்தை ஒரு மில்லிமீட்டர் மணலாக வைத்துக்கொண்டால், மீனின் விட்டம் சுமார் 10 மீட்டர். சூரியனைப் போல 200 மடங்கு ஆரமுள்ள மீனில், மீதி எடை அத்தனையும் அந்தப் பரந்த வெளியில் பரவிக் கிடக்கிறது. சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டால், நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு மெலிது. பூமியில் அப்படி ஒரு வாயுவை ஒரு குடுவைக்குள் வைத்தால், அதை வெற்றிடம் என்றுதான் சொல்வோம். முதல் முறை இந்த வகுத்தலைப் போட்டபோது பூஜ்யங்களைத் தவறாக எண்ணிவிட்டேன் என்றே நினைத்தேன்.

இவ்வளவு தளர்ந்த உடம்பில் ஈர்ப்பின் பிடியும் தளர்வுதான். சூரியனின் மேற்பரப்பிலிருந்து தப்பிக்க நொடிக்கு 618 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதே எடை, 200 மடங்கு ஆரம் என்றால் 44 கிலோமீட்டர் போதும். பின்னால் நடக்கப்போகும் பலதுக்கும் இந்தத் தளர்வுதான் காரணம்.

மேற்பரப்பும் வேறு மாதிரி. கொதிக்கும் தண்ணீர் போலச் சூரியனின் மேற்பரப்பிலும் சூடான வாயு குமிழ்களாக எழுந்து, குளிர்ந்து, இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குமிழும் சுமார் 1,500 கிலோமீட்டர் அகலம். மொத்தம் 20 லட்சம் வரை இருக்கும். ஈர்ப்பு குறைந்த பெருமீனில் குமிழ்கள் பிரம்மாண்டமாகி, முகம் முழுவதற்கும் ஒரு சிலவே தேறும் என்று 1975இல் மார்ட்டின் ஸ்வார்ஸ்சைல்ட் கணித்தார். நாற்பது ஆண்டுக்கும் மேல் அது வெறும் கணிப்பாகவே இருந்தது. பிறகு சிலியில் உள்ள ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தொலைநோக்கிகளை இணைத்து, 530 ஒளியாண்டுக்கு அப்பாலிருக்கும் பை 1 க்ரூயிஸ் என்ற முதிய செம்பெருமீனைப் படமெடுத்தார்கள். 2017 கடைசியில் வெளியான அந்தப் படத்தில் ஒவ்வொரு குமிழும் சுமார் 12 கோடி கிலோமீட்டர். சூரியனை ஒரு முனையில் வைத்தால் மறுமுனை வெள்ளியின் பாதையைத் தாண்டும். 2024இல் ஆர் டோராடஸ் என்ற மீனில் இன்னொரு படி மேலே போய், குமிழ்கள் நகர்வதையே அடுத்தடுத்த படங்களில் பிடித்துவிட்டார்கள். சூரியனைப் போல 75 மடங்கு பெரிய குமிழ்கள், ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒரு சுற்று. எதிர்பார்த்ததைவிட வேகம்.

வெளியே தெரியாத வெடிப்பு

உள்ளகம் சூரியனின் எடையில் 0.46 பங்கு அளவை எட்டும்போது வெப்பம் 10 கோடி டிகிரியைத் தொடுகிறது. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு கார்பன் ஆகும் வினை தொடங்குகிறது. சாதாரண வாயுவாக இருந்தால் சூடானதும் விரிந்து தணிந்திருக்கும். இங்கே அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் தொடர்பு அறுந்து கிடக்கிறதே. சூடு ஏறுகிறது, ஆனால் விரியவில்லை; விரியாததால் இன்னும் ஏறுகிறது. சில நிமிடங்களுக்கு அந்தச் சின்ன உள்ளகம் ஒரு முழு விண்மீன் மண்டலத்துக்கு நிகரான திறனில் எரிகிறது. இதற்கு ஹீலியம் மின்வெட்டு (ஹீலியம் ஃபிளாஷ்) என்று பெயர்; மின்சாரம் போவது அல்ல, மின்னல் வெட்டுவது.

வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அந்த ஆற்றல் அத்தனையும் நெரிந்து கிடந்த உள்ளகத்தைத் தளர்த்தி, தூக்கி நிறுத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. அப்புறம் நடப்பது எதிர்த்திசையில்: உள்ளகம் விரிகிறது, ஓடு தணிகிறது, ஆகவே மீன் சுருங்குகிறது. ஒளி பல பத்து மடங்கு குறைகிறது. சுமார் 10 கோடி ஆண்டு மையத்தில் ஹீலியம் அமைதியாக எரியும் காலம் இது.

மின்வெட்டு தெரியாவிட்டாலும், அது நடக்கும் தருணம் வானியலாளர்களுக்கு ரொம்பப் பயன்படுகிறது. எல்லா மீன்களிலும் அது ஏறத்தாழ ஒரே உள்ளக எடையில் நடப்பதால், அந்த நேரத்து வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றே. வேறொரு விண்மீன் மண்டலத்தில் மிகப் பிரகாசமான செம்பெருமீன்கள் எந்த அளவில் சட்டென்று நின்றுபோகின்றன என்று பார்த்தால், அந்த மண்டலத்தின் தூரத்தைச் சொல்லிவிடலாம். வென்டி ஃப்ரீட்மன் குழு 2019இல் பிரபஞ்சத்தின் விரிவு வேகத்தை அளந்தது இந்த முறையில்தான்.

ஆனால் ஒரு சிக்கல். மின்வெட்டுக்கு முன் மேலே ஏறிக்கொண்டிருக்கும் மீனும், மின்வெட்டு முடிந்து கீழே இறங்கி வந்த மீனும் நிறத்திலும் வெளிச்சத்திலும் ஒரே மாதிரி இருக்க முடியும். உள்ளே ஒன்றில் வெறும் சாம்பல், மற்றதில் எரியும் ஹீலியம். எப்படிப் பிரித்தறிவது? நடுக்கத்தை வைத்துத்தான். 2009இல் ஏவிய கெப்ளர் விண்கலம் ஆயிரக்கணக்கான செம்பெருமீன்களின் ஒளியை வருடக்கணக்கில் விடாமல் அளந்தது. அந்த மிக மெல்லிய ஏற்ற இறக்கங்களில், மேல் உறையில் ஓடும் ஒலி அலைகளோடு உள்ளகத்துக்குள் ஆடும் அலைகளும் கலந்திருந்தன. நில நடுக்கத்தை வைத்துப் பூமியின் வயிற்றை அறிவது மாதிரி. டிம் பெடிங்கும் குழுவினரும் 2011இல் காட்டியது: அடுத்தடுத்த அலைகளின் காலங்களுக்கு இடையே சுமார் 50 நொடி வித்தியாசம் இருந்தால் ஓடு மட்டும் எரிகிறது, 100 முதல் 300 நொடி என்றால் மையத்தில் ஹீலியமும் எரிகிறது. அடுத்த ஆண்டே இன்னொன்றும் தெரியவந்தது. உள்ளகம் மேற்பரப்பைவிடக் குறைந்தது 10 மடங்கு வேகமாகச் சுழல்கிறது. பனிச்சறுக்குபவர் கையை உடலோடு ஒட்டினால் சுழற்சி கூடுவது போலத்தான். சொல்லப்போனால், அது இன்னும் அதிகமாகவே கூடியிருக்க வேண்டும். எது அதைப் பிடித்து இழுத்துத் தணிக்கிறது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

மீரா

ஹீலியமும் மையத்தில் தீர்ந்ததும் பழைய கதை திரும்புகிறது, இன்னும் பெரிய அளவில். கார்பனும் ஆக்சிஜனும் சாம்பலாக நடுவே. அதைச் சுற்றி ஹீலியம் ஓடு. அதற்கும் வெளியே ஹைட்ரஜன் ஓடு. மீன் இரண்டாம் முறை வீங்குகிறது. இந்தக் கட்டத்தில் அது நிலையாக நிற்காது. துடிக்கத் தொடங்கிவிடும்.

1596 ஆகஸ்டில் டேவிட் ஃபாப்ரீசியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், திமிங்கிலம் எனப்படும் விண்மீன் குழுவில் ஒரு மீனைக் கவனித்தார். சில வாரங்களில் அது மங்கி மறைந்தே போனது. புது மீன் தோன்றி அணைந்தது என்று நினைத்துக்கொண்டார். 1609இல் அதே இடத்தில் அது மறுபடி இருந்தது. (பாவம், வாத்து திருடியவன் என்று பிரசங்க மேடையிலிருந்து குறிப்பிட்ட ஒருவன் கையால் 1617இல் கொலையுண்டார்.) 1638இல் ஹோல்வார்டா, அது 11 மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறது என்று கண்டார். ஹெவேலியஸ் அதற்கு மீரா, அதாவது ‘வியப்புக்குரியது’ என்று பெயர் வைத்தார்.

மீராவின் சுற்று ஏறத்தாழ 332 நாள். உச்சத்தில் வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அடியில் தொலைநோக்கி வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கும் மாறுகிறது. ஒரு விண்மீன் ஆயிரத்தில் ஒரு பங்காக எப்படித் தணிய முடியும்? தணியவில்லை என்பதே பதில். அகச்சிவப்பையும் சேர்த்து மொத்த ஆற்றலை அளந்தால் மாற்றம் இரண்டு, மூன்று மடங்குக்குள்தான். மீன் விரிந்து குளிரும்போது அதன் வளிமண்டலத்தில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் திரள்கின்றன. வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் பொருளின் நெருங்கிய உறவு அது. அந்தத் திரை கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் விழுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கு அகச்சிவப்பு தெரிந்திருந்தால் ஃபாப்ரீசியஸ் வியந்திருக்கவே மாட்டார்.

ஒவ்வொரு துடிப்பும் வாயுவைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிறது. மேலே போனால் குளிர்கிறது. குளிர்ந்தால் தூசாக உறைகிறது. மீனின் ஒளி அந்தத் தூசைத் தள்ளுகிறது. தூசு சுற்றியிருக்கும் வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படி மீனிலிருந்து வீசும் காற்றின் வேகம் நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அளவு அசாத்தியம். கடைசிக் கட்டத்தில் வருடத்துக்கு மூன்று பூமி எடை வரைகூடக் கரைத்துவிடும். 2007இல் கேலக்ஸ் என்ற புற ஊதா விண்கலம் மீராவுக்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வால் இருப்பதைக் கண்டது. நொடிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மீன், கடந்த 30,000 ஆண்டுகளாக உதறிவிட்டுப் போன பொருள். நானூறு ஆண்டு உற்றுப் பார்த்த மீனின் வால், அந்த ஒளியில் பார்க்கும் வரை யார் கண்ணிலும் படவில்லை.

தூசு எந்த வகை என்பதையும் உள்ளேயிருந்து வரும் சரக்குதான் தீர்மானிக்கிறது. கார்பனும் ஆக்சிஜனும் முதலில் ஒன்றோடொன்று கைகோத்துக் கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். மிஞ்சுவது ஆக்சிஜன் என்றால் மணல், பாறை வகைத் தூசு. கார்பன் என்றால் புகைக்கரி. கார்பன் அதிகமான மீன்கள் தம் கரியாலேயே தம்மை மூடிக்கொண்டு, கண்ணுக்கு ரத்தச் சிவப்பாகத் தெரியும். பெயருக்கு ஏற்ற சிவப்பை அங்கேதான் பார்க்கலாம்.

டெக்னீசியத்தின் சாட்சி

உள்ளே சமைத்தது மேலே வருகிறது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறோம்? 1952இல் பால் மெரில், சில முதிய செம்பெருமீன்களின் நிறமாலையில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியத்துக்கு நிலையான வடிவமே கிடையாது. இருப்பதிலேயே நீடிப்பதும் சுமார் 42 லட்சம் ஆண்டில் பாதியாகச் சிதைந்துவிடும். மீனின் வயதோ பல கோடி ஆண்டு. பிறக்கும்போதே இருந்திருந்தால் என்றோ காணாமல் போயிருக்கும். ஆக, அந்தத் தனிமம் அண்மையில் அந்த மீனுக்குள்ளேயே உருவாகி, மேலே கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அதுவரை கிடைத்ததில்லை.

நடப்பது இதுதான். மெல்லிய ஹீலியம் ஓடு சீராக எரியாது. பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை குபீரென்று பற்றி, அணையும். ஒவ்வொரு முறையும் அந்தக் கலக்கத்தில் உள்ளே உருவான கார்பன் மேல் உறைக்கு இழுத்துவரப்படுகிறது. ஓடுகளுக்கு நடுவே நியூட்ரான்கள் மெதுவாக, ஒன்றொன்றாக, இரும்பு போன்ற அணுக்கருக்களில் போய் ஒட்டுகின்றன. ஸ்ட்ரான்சியம், பேரியம், ஈயம் என்று தனிமங்கள் படிப்படியாக வளர்கின்றன. இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறத்தாழப் பாதி இந்த நிதானமான வழியில் வந்தவை. மீதிக்குத்தான் பெரிய வெடிப்புகளும் மோதல்களும் வேண்டும்.

இதெல்லாம் கணக்கு மட்டுமல்ல, கையில் எடுத்துப் பார்க்கவும் முடிகிறது. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அமிலத்தில் கரைத்தபோது மிஞ்சிய துகள்களில் சிலிக்கன் கார்பைடும் இருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவு. அவற்றிலுள்ள ஐசோடோப்புகளின் விகிதம் சூரிய மண்டலத்தில் எதோடும் ஒத்துப்போகாது. கார்பன் மிகுந்த செம்பெருமீனின் கணக்கோடு அச்சாக ஒத்துப்போகும். சூரியன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன மீன்களின் கரித்தூள் அது.

நம் சூரியனின் கதையையும் சொல்லிவிடலாம். இன்னும் 760 கோடி ஆண்டு வாக்கில் முதல் வீக்கத்தின் உச்சியைத் தொடும். புதனும் வெள்ளியும் உள்ளே போய்விடும். பூமி விவாதத்துக்குரியது: சூரியன் எடை இழப்பதால் பாதை விரியும், ஆனால் ஓத இழுவை (கடலில் ஓதம் எழுப்பும் அதே வகை ஈர்ப்பு) உள்ளே இழுக்கும், 2008இல் வெளியான ஒரு விரிவான கணக்கு, பூமியும் தப்பாது என்றது. அது பற்றிக் கவலைப்பட ஆளிருக்காது. சூரியன் மெல்லமெல்லப் பிரகாசமாகி வருவதால் ஏறக்குறைய 100 கோடி ஆண்டிலேயே கடல்கள் வற்றத் தொடங்கிவிடும். கடைசியில் உறை முழுதும் கழன்று, நடுவிலிருந்த வெண்குறுமீன் வெளிப்பட்டு, அதன் ஒளியில் கழன்ற வாயு சில ஆயிரம் ஆண்டு மின்னி மறையும்.

இவையெல்லாம் நம் ஆயுளோடு ஒப்பிட முடியாத நீளங்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு வானில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. சிறுகரடிக் குழுவில் டி உர்சே மைனோரிஸ் என்று மீரா வகை மீன் ஒன்று. 1970கள் வரை அதன் துடிப்பு சுமார் 310 நாள். அதன் பிறகு சுற்று குறையத் தொடங்கி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் 250 நாளுக்கும் கீழே இறங்கிவிட்டது. துடிப்பு விரைவாகிறது என்றால் மீன் சிறுக்கிறது என்று பொருள். ஹீலியம் ஓடு குபீரென்று பற்றியதும் அதற்கு மேலிருக்கும் ஹைட்ரஜன் ஓடு அணைந்துபோய், உறை சிறிது காலம் தாங்குவாரின்றிச் சுருங்கும். அந்தச் சில நூற்றாண்டுக் கட்டத்தின் தொடக்கத்தில் நாம் சரியாக வந்து நிற்கிறோம் என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதை நிறுவ உதவியவை பெரும்பாலும் சிறு தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்கள் குறித்து வைத்த ஒளி அளவுகள். அவற்றைச் சேகரிக்கும் அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் 1911இல் தொடங்கியது. கணக்கு சரியென்றால் இன்னும் சில பத்தாண்டுகளில் சுருக்கம் நின்று, மீன் மறுபடி வீங்க ஆரம்பிக்கும். அதற்காக இன்றும் ஒவ்வொரு சில நாளுக்கும் யாராவது ஒருவர் அதைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.